ஸோபி ஜெர்மேன் அம்மையார்

கணக்கென்றதும் தலைநோவு கொள்வார் நம் கல்லூரியிற் பலர். தமிழ் பயிலும் நாமும் அவருள் ஒருவரே. அக்கணக்கின்மேற் கொண்ட காதலால் பெற்றோரோடும் அறிஞர் கூட்டத்தோடும் போராட நேர்ந்த பெண்மணி ஒருவரது வரலாறு இது.

ஸோபி ஜெர்மேன் அம்மையார் 1776-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், பாரிஸ் மாநகரில் ஒரு பட்டு வணிகரின் மகளாகத் தோன்றினார். 1789-இல் புரட்சி மூண்டு தெருவெல்லாம் கலகமயமாகவே, 13 வயதுச் சிறுமியார் தந்தையாரது நூலறையே தஞ்சமென இருந்தார். ஆங்கு, கணக்கில் ஆழ்ந்திருந்தபோதே போர்வீரனாற் கொலையுண்ட ஆர்க்கிமிடீஸின் கதையைப் படித்தார். உயிரையும் மறப்பிக்கும் அக்கலை யாதோவென வியந்து அதனையே பற்றினார். பெண்ணுக்கு இஃது ஆகாதென எண்ணிய பெற்றோர் இரவில் அவர் அறையினின்றும் மெழுகுவர்த்தியையும் கணப்பையும் உடைகளையும் அகற்றினர். விளக்கை மரக்காலால் மூடுதல் அத்துணை எளிதோ? மைக்கூட்டில் மை உறையும் குளிரிலும், போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஒளித்துவைத்த வர்த்தியின் ஒளியிற் கணக்கிட்டனராம். பெற்றோர் ஈற்றில் இசைந்தனர், உலகம் இசையவில்லை.

1794-இல் தோன்றிய 'எகோல் பாலிடெக்னிக்' கல்லூரியிற் பெண்டிர்க்கு இடமில்லை. பிறர்வாயிலாகப் பாடக்குறிப்புக்களைப் பெற்று, லெபிளாங் என்னும் ஆண்பெயரால் ஆசிரியர் லக்ராஞ்சுக்குக் கட்டுரை விடுத்தார். உண்மை அறிந்தபின்னும் அப்பெரியார் பாராட்டியது அருமையே. 1804-இல் ஜெர்மானிய மேதை கௌஸ் என்பார்க்கும் அப்பெயராலேயே எழுதினார். பிரெஞ்சுப் படை கௌஸின் ஊரைக் கைப்பற்றியபோது, அவர்க்குத் தீங்கு நேராவண்ணம் காக்குமாறு தமக்கு அறிமுகமான படைத்தலைவரை அம்மையார் வேண்டினார். அதனாலேயே 1807-இல் உண்மை வெளிப்பட்டது.

மணல் தூவிய தகட்டின் விளிம்பை வில்லாற் றேய்ப்பின் மணல் அழகிய கோலங்களாக ஒதுங்கும். இதன் காரணத்தைக் கணித வாயிலாக விளக்குவார்க்குப் பிரெஞ்சு அறிஞர் சபை 1809-இற் பரிசு குறித்தது. பலரும் பின்வாங்க, அம்மையார் ஒருவரே முன்வந்தார். 1811-இல் அனுப்பிய கட்டுரையிற் பிழைகள் இருந்தன. லக்ராஞ்சு சமன்பாட்டைத் திருத்தினார். முறையாகக் கற்பிக்க மறுத்தவர்களே முறையாகக் கற்றிலர் எனக் குறை காண்பது எவ்வகை நீதியோ, அறியோம். 1813-இல் பாராட்டு மட்டும் கிடைத்தது. மூன்றாம் முறை, 1816-இற் பரிசே கிடைத்தது. அதனைப் பெற அம்மையார் செல்லவில்லை. செல்லாமையே நன்றென்பது நம் கருத்து. ஏனெனில் பரிசளித்த அச்சபையின் கூட்டங்களில் உறுப்பினரின் மனைவியர்க்கன்றி வேறு பெண்டிர்க்கு அனுமதியில்லை. பூரியே என்பார் செயலாளரான பின்னரே அவர்க்கு ஆங்கு இருக்கை கிடைத்தது.

மார்பகப் புற்றுநோயால் நலிந்தும் எழுதுதலை விடாத அம்மையார், 1831 ஜூன் 27-இல் இயற்கை எய்தினார். இறப்புப் பதிவேட்டில் அவரைக் கணிதப் புலவர் என்று குறித்திலர்; சொத்து வருவாயில் வாழ்ந்தவர் என்றே குறித்தனர்.