குரோம்போர்டு நூற்பாலை

இங்கிலாந்து நாட்டின் பிரஸ்டன் நகரில், 1732-ஆம் ஆண்டு, ஏழைத் தையற்காரர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார் ரிச்சர்டு ஆர்க்ரைட். வறுமையால் பள்ளி செல்லும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை, உறவினரிடமே எழுத்தறிந்தார். முடி திருத்தியும் பொய்ம்முடி செய்து விற்றும் வாழ்ந்த அவர், ஜான் கே என்னும் கடிகாரத் தொழிலாளரின் துணையோடு நூற்கும் பொறியொன்றை அமைத்து, 1769-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

1771-இல் டார்பிசயரிலுள்ள குரோம்போர்டு என்னும் சிற்றூரில் நூற்பாலை ஒன்றை நிறுவத் தொடங்கினார். ஓடைநீரும் ஈயச் சுரங்கத்தினின்று வடிந்த நீரும் சக்கரத்தைச் சுழற்றின. சக்கரம் பொறிகளை இயக்கிற்று. இரவும் பகலும் நூல் பெருகியது, செல்வமும் பெருகியது. ஆயின், அங்கு உழைத்தோருள் சிறுவர் சிறுமியர் மிகப் பலர். தாம் பெறாத பள்ளிப் பருவத்தை அவர்களும் பெறாவாறு, நாள்தோறும் ஏறத்தாழ 12 மணி நேரம் அவர்களிடம் வேலை வாங்கினார்.

பொறி அவர் கண்டதன்று எனப் போட்டியாளர் வழக்காட, 1785-இல் காப்புரிமையை இழந்தார். எனினும், மறு ஆண்டே 'சர்' பட்டம் பெற்றார், 1792-இல் மறைந்தார்.

அவ்வாலை அடங்கிய டெர்வென்ட் பள்ளத்தாக்கு 2001-இல் உலக மரபுச் சின்னமாயிற்று. விடுமுறை நாளில் அதனைக் காணச் செல்வோர், எளியராய்ப் பிறந்து உயர்ந்த ஒருவரின் ஊக்கத்தை வியப்பர். அவ்வுயர்வைத் தாங்கிய சிறு கைகளையும் நினைத்தல் வேண்டும்.