முதலில் பாடியவர் பிக் மாமா

ஹாஸ்டலில் ஒவ்வொரு செட்டிலும் 'வெஸ்டர்ன் மியூசிக் கோஷ்டி' என்று நாலு பேர் இருப்பார்கள். கல்சுரல்ஸ் வந்தால் கிடாரும் கையுமாக மேடை ஏறுவார்கள். வார்த்தை புரிகிறதோ இல்லையோ, பின்வரிசையிலிருந்து விசில் மட்டும் குறைவில்லாமல் வரும். எங்கள் செட் கோஷ்டி தவறாமல் பாடிய பாட்டு எல்விஸ் பிரெஸ்லியின் 'ஹவுண்ட் டாக்'. அது எல்விஸின் பாட்டு என்றுதான் நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் நல்லதாக ஒரு ஹெட்ஃபோன் வாங்கிய பிறகுதான், எல்விஸுக்கு நாலு வருஷம் முன்னாலேயே ஒரு பெண்மணி அதைப் பாடியிருக்கிறார் என்று தெரிந்தது. கேட்டேன். ஆடிப்போய்விட்டேன்! அந்த அம்மாவின் கதையைத்தான் இந்த மலரில் சொல்லப்போகிறேன்.

பெயர் 'பிக் மாமா' தார்ன்டன். மாமா என்றதும் நம்ம ஊர் தாய்மாமனை நினைத்துவிடாதீர்கள். அங்கே அது அம்மாவைக் கூப்பிடும் சொல். பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல், அதனால் அந்தப் பட்டம். வீட்டில் வைத்த பெயர் வில்லி மே தார்ன்டன். 1926 டிசம்பர் 11-ம் தேதி அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில், ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா சர்ச்சில் போதகர், அம்மா சர்ச்சில் பாடுபவர். யாரும் உட்காரவைத்து சங்கீதம் சொல்லிக்கொடுக்கவில்லை. மவுத் ஆர்கனும் டிரம்ஸும்கூட மற்றவர்கள் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டதுதான்.

அம்மா சீக்கிரமே போய்விட்டார். படிப்பு நின்றது. ஒரு மதுக்கடையில் தரை துடைக்கவும் படிக்கம் கழுவவும் போனார் வில்லி மே. 1940-களின் தொடக்கத்தில், பதினாலு வயசு வாக்கில், சாமி கிரீன் என்பவர் நடத்திய 'ஹாட் ஹார்லெம் ரெவ்யூ' குழுவில் சேர்ந்தார். நம்ம ஊர் டிராமா கம்பெனி மாதிரி ஊர் ஊராகப் போய்ப் பாட்டும் ஆட்டமும் காமெடியும் நடத்துகிற குழு அது. ஏழு வருஷம் அதில் சுற்றினார். அவருக்குக் காலேஜ் என்றால் அதுதான்.

1948-ல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் தங்கினார். அங்கே டான் ராபி என்பவர் 'பீகாக் ரெக்கார்ட்ஸ்' என்ற கம்பெனி வைத்திருந்தார். அவரும் கறுப்பினத்தவர்தான். 1951-ல் வில்லி மே அவரிடம் ஒப்பந்தம் போட்டார். அடுத்த வருஷம் ஜானி ஓடிஸின் இசைக்குழுவோடு நியூயார்க்கின் புகழ்பெற்ற அப்போலோ தியேட்டருக்குப் போனார். அந்தத் தியேட்டர்காரர் வைத்ததுதான் 'பிக் மாமா' என்ற பட்டம். அது கடைசி வரை ஒட்டிக்கொண்டது. கிட்டத்தட்ட ஆறடி உயரம். பல சமயம் ஆண்களின் சட்டையும் பேன்ட்டும் போட்டுக்கொண்டுதான் மேடை ஏறுவார். மைக் இல்லாவிட்டாலும் கவலையில்லாத குரல்.

இப்போது பாட்டுக்கு வருவோம். 1952 ஆகஸ்ட். இடம் லாஸ் ஏஞ்சல்ஸ். ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் என்று இரண்டு யூதப் பையன்கள். இருவருக்கும் வயசு 19! ஒருவர் வார்த்தை எழுதுவார், மற்றவர் மெட்டுப் போடுவார். ஜானி ஓடிஸ் இவர்களைக் கூப்பிட்டு, இந்த அம்மா பாடுவதை ஒருதரம் பாருங்கள், ஏற்ற மாதிரி ஒரு பாட்டு வேண்டும் என்றார். ஒத்திகையில் பிக் மாமாவைப் பார்த்த பையன்கள் அசந்துபோனார்கள். உடனே காரில் ஏறி ஸ்டோலர் வீட்டுக்குப் போய், கால் மணி நேரத்துக்குள் பாட்டை முடித்துவிட்டார்கள். நம்மில் பலர் ரெக்கார்ட் நோட்டை முடிக்கிற வேகம்தான்!

பாட்டில் வரும் நாய் உண்மையில் நாயே இல்லை. உழைக்காமல், பெண்ணின் வீட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டு, பசப்பு வார்த்தை பேசித் திரிகிற ஓர் ஆம்பளை. அவனை வாசலைக் காட்டி வெளியே போகச் சொல்கிறாள் ஒரு பெண். விஷயம் அவ்வளவுதான். ஆகஸ்ட் 13-ம் தேதி ஒலிப்பதிவு. பீட் லூயிஸ் கிடார் வாசித்தார். டிரம்ஸ் தாளம் சரியாக அமையவில்லை என்று ஓடிஸே போய் உட்கார்ந்தார். பிக் மாமா பாட்டுக்கு நடுவே கிடார்காரரை ஏவுகிறார், கிண்டல் செய்கிறார், உறுமுகிறார். கடைசியில் வாத்தியக்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து குரைத்து ஊளையிடுகிறார்கள். காகிதத்தில் இருந்த பாட்டுக்கு ரத்தமும் சதையும் வந்தது அந்த ஸ்டுடியோவில்தான்.

1953 தொடக்கத்தில் இசைத்தட்டு வந்தது. 'ரிதம் அண்ட் புளூஸ்' பட்டியலில் ஏழு வாரம் முதலிடம்! இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். அன்றைய அமெரிக்காவில் பள்ளிக்கூடமும் பஸ் ஸீட்டும் மட்டுமல்ல, பாட்டுப் பட்டியலும் தனித்தனி. ரிதம் அண்ட் புளூஸ் என்பது கறுப்பின மக்கள் வாங்கும் இசைத்தட்டுகளுக்கான பட்டியல். பெரும்பாலான வெள்ளையர் வீடுகளுக்கு இந்தக் குரல் போய்ச் சேரவே இல்லை. இவ்வளவு பெரிய வெற்றிக்கு பிக் மாமாவுக்குக் கிடைத்தது சுமார் 500 டாலர். அவ்வளவுதான், கணக்கு முடிந்தது என்று அவரே பல இடங்களில் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். பாட்டு எழுதிய பையன்களுக்கு ராபி கொடுத்த 1,200 டாலர் செக்கும் பணமாகவில்லை.

ஆனால் பையன்களுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது, பிக் மாமாவுக்கு இல்லை. இதைக் கொஞ்சம் நம்ம பாஷையில் விளக்கிவிடுகிறேன். 1909-ம் வருஷத்து அமெரிக்கக் காப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாட்டு ஒருமுறை தட்டாக வந்துவிட்டால், பிறகு யார் வேண்டுமானாலும் அதைப் பாடித் தட்டுப் போடலாம். இதைத்தான் 'கவர் வெர்ஷன்' என்கிறோம். விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் 2 சென்ட் கட்ட வேண்டும். பத்து லட்சம் தட்டு விற்றால் 20,000 டாலர். அது பாட்டின் உரிமைக்காரருக்குப் போகும், அதில் எழுதியவர்களுக்கும் பங்கு உண்டு. முதலில் பாடியவருக்கு? பூஜ்யம். அவர் சேர்த்த உறுமல், கிண்டல், தாளக்கட்டு எதையும் அந்தச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை. டிராயிங் போட்டவருக்குப் பங்கு உண்டு, மெஷினை ஓடவைத்தவருக்குக் கிடையாது என்கிற மாதிரி.

பாட்டு கிளம்பிவிட்டது. 1953-லேயே மெம்பிஸ் நகரத்து சன் ரெக்கார்ட்ஸ் கம்பெனி, ரூஃபஸ் தாமஸ் என்பவரைப் பாடவைத்து 'பேர் கேட்' என்று ஒரு பதில் பாட்டு வெளியிட்டது. மெட்டு அப்படியே அதேதான்! ராபி வழக்குப் போட்டு ஜெயித்தார். அந்தப் பணத்திலும் பிக் மாமாவுக்குப் பங்கில்லை. இதே சன் கம்பெனிதான் 1954-ல் எல்விஸ் பிரெஸ்லி என்ற பத்தொன்பது வயசுப் பையனை உலகத்துக்குக் காட்டியது.

அந்த வருஷக் கடைசியில் பிக் மாமாவுக்கு ஒரு பெரிய அதிர்ச்சி. அவரோடு ஊர் ஊராகப் பாடிவந்த இளம் பாடகர் ஜானி ஏஸ், கிறிஸ்துமஸ் இரவு ஹூஸ்டன் நிகழ்ச்சியின் இடைவேளையில் துப்பாக்கியை வைத்து விளையாடி, தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தார். பிக் மாமா கண் முன்னாலேயே நடந்தது அது. அதன்பிறகு அவருடைய தட்டு எதுவும் பெரிதாக ஓடவில்லை. சில வருஷத்தில் ராபியோடு ஒப்பந்தமும் முடிந்தது. சான் பிரான்சிஸ்கோ பக்கம் போய், சின்னச் சின்ன கிளப்புகளில் பாடி வயிற்றைக் கழுவ ஆரம்பித்தார்.

இதற்கிடையில் பாட்டு என்ன ஆனது? ஃப்ரெடி பெல் என்ற வெள்ளைக்காரப் பாடகர் வார்த்தைகளை மாற்றினார். ஆம்பளையைத் துரத்துகிற சங்கதி போய், முயல் பிடிக்கத் தெரியாத நிஜ நாயைப் பற்றிய வேடிக்கைப் பாட்டாக அது ஆகிவிட்டது. 1956-ல் லாஸ் வேகாஸில் அதைக் கேட்ட எல்விஸுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஜூலை 2-ம் தேதி நியூயார்க்கில் பதிவு செய்தார். திருப்தியாகும் வரை திரும்பத் திரும்ப 31 டேக்! அந்த உழைப்பைக் குறை சொல்ல முடியாது. பாப், கண்ட்ரி, ரிதம் அண்ட் புளூஸ் என்று மூன்று பட்டியலிலும் முதலிடம். தட்டின் மறுபக்கப் பாட்டோடு சேர்த்து, பாப் பட்டியலில் 11 வாரம்.

ஸ்டோலருக்கு இந்தச் செய்தி தெரிந்தது சினிமா மாதிரி இருக்கும். ஐரோப்பாவிலிருந்து அவர் திரும்பி வந்த 'ஆண்ட்ரியா டோரியா' கப்பல், 1956 ஜூலை 25 இரவு வேறொரு கப்பல் மோதி மறுநாள் மூழ்கியது. உயிர் பிழைத்து நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியவரிடம், லீபர் ஓடிவந்து சொன்ன சேதி, நம்ம பாட்டு ஹிட் ஆகிவிட்டது என்பதுதான். பிக் மாமாவின் தட்டா என்று கேட்டாராம். இல்லை, எல்விஸ் பிரெஸ்லி என்று பதில் வந்ததாம். அங்கிருந்து அந்த இருவரின் வாழ்க்கை மேலே மேலே போனது. பிக் மாமாவின் கதவை மட்டும் யாரும் தட்டவில்லை.

எல்விஸ் திருடிவிட்டார் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படிச் சொல்வது சரியில்லை என்பது என் அபிப்பிராயம். சட்டப்படி எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பாட்டுக்கார அம்மாவுக்கு அந்த ஒழுங்கில் இடமே இல்லை என்பதுதான் பிரச்சினை.

அவருக்கு இன்னொரு முறையும் இதேதான் நடந்தது. இந்தத் தடவை பாட்டை எழுதியவரே அவர்தான். 1960-களின் தொடக்கத்தில் 'பால் அண்ட் செயின்' என்று சொந்தமாக ஒரு பாட்டு எழுதிப் பதிவு செய்தார். அந்தச் சின்னக் கம்பெனி தட்டையும் வெளியிடவில்லை, உரிமையையும் விடவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பாரில் அவர் அதைப் பாடுவதை ஜானிஸ் ஜாப்ளின் என்ற இளம் பாடகி கேட்டார். நேரில் போய் அனுமதி கேட்டார். பிக் மாமாவும் தாராளமாகக் கொடுத்தார். 1967 ஜூனில் மான்டரே பாப் விழாவில் அதைப் பாடி ஒரே நாளில் ஜாப்ளின் நட்சத்திரமானார். யாருடைய பாட்டு என்பதை ஜாப்ளின் மறைக்கவில்லை. அதனால் பிக் மாமாவுக்குப் புது ரசிகர்களும் மேடைகளும் கிடைத்தது உண்மை. பணம்தான் உரிமையைப் பிடித்துவைத்திருந்தவர்கள் பக்கம் போனது.

அவர் ஓயவில்லை. 1965-ல் புளூஸ் குழுவோடு ஐரோப்பா சுற்றினார். ஆர்ஹூலி என்ற சிறு கம்பெனிக்காக நல்ல ஆல்பங்கள் கொடுத்தார். ஆனால் குடிப்பழக்கம் உடம்பைத் தின்றது. ஆஜானுபாகுவாக நின்றவர் கடைசிக் காலத்தில் எலும்பும் தோலுமாகி, மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடினார். குரல் மட்டும் இளைக்கவில்லை. 1984 ஜூலை 25-ம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வாடகை விடுதியில் இறந்தார். வயசு 57. இறுதிச் சடங்கை நடத்தியது, அதற்குள் போதகராகிவிட்ட அதே ஜானி ஓடிஸ். இங்கிள்வுட் கல்லறைத் தோட்டத்தில் தனிக் குழிகூட இல்லை. வேறு இருவரோடு ஒரே குழி.

மரியாதை எல்லாம் பிறகு வந்தது. அவருடைய 'ஹவுண்ட் டாக்' பதிவு 2013-ல் கிராமி கௌரவப் பட்டியலில் இடம்பெற்றது. 2024-ல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது. இறந்து 40 வருஷம் கழித்து! இதற்குள் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜான் லென்னன் என்று எத்தனையோ பேர் அந்தப் பாட்டைப் பாடிவிட்டார்கள். அநேகமாக எல்லோரும் பாடியது எல்விஸின் நாயைத்தான். வெளியே போடா என்று வாசலைக் காட்டிய அந்தப் பெண்ணை அல்ல.

இன்ஜினீயருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் ஷாஃப்ட் ஒன்று உதறிக்கொண்டே இருந்தது. டிராயிங் சரியாகத்தான் இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டிய அண்ணன்தான் இரண்டு நாள் சாயங்காலம் கூடவே நின்று, பேரிங் உட்காரும் இடத்தை மறுபடி கடைந்து ஓடவைத்தார். வைவாவில் கைதட்டு வாங்கினோம். ரிப்போர்ட்டில் நன்றி சொன்ன பக்கத்தில் பதினோரு பெயர் இருக்கிறது. அவர் பெயர் இல்லை. யாரும் தடுக்கவில்லை. எழுத மறந்தது நாங்கள்தான். பிக் மாமாவின் கதையைப் படித்த அன்று ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பக்கம்தான்.

தம்பி தங்கைகளே, உங்கள் ரிப்போர்ட் பைண்டிங்குக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை பாருங்கள். கோஷ்டிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கல்சுரல்ஸில் 'ஹவுண்ட் டாக்' பாடுங்கள், தாராளமாக எல்விஸ் மாதிரியே பாடுங்கள். பாடுவதற்கு முன்னால் மைக்கில் ஒரு வரி, முதலில் பாடியவர் பிக் மாமா தார்ன்டன் என்று சொல்லிவிடுங்கள். பின்வரிசை விசிலுக்கு நான் உத்தரவாதம்!