இரண்டாவது சம்பளத்தால் கெட்ட பெயர்: இந்தியாவின் முதல் ‘சுப்ரீம் கோர்ட்’ தலைமை நீதிபதி இம்பேவின் கதை

இந்தியாவில் ‘சுப்ரீம் கோர்ட்’ என்ற பெயரோடு முதன்முதலில் ஒரு நீதிமன்றம் வந்தது 1774-ல், கல்கத்தாவில். அதன் முதல் தலைமை நீதிபதி சர் எலைஜா இம்பே. அடுத்த 14 வருஷத்துக்குள் அதே நபர் லண்டன் நாடாளுமன்றத்தில் நின்று, தன் தீர்ப்புகள் நேர்மையானவைதான் என்று வாதாட வேண்டி வந்தது.

இம்பே லஞ்சம் வாங்கினார் என்று கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் கெட்ட பெயர் போகவே இல்லை. அப்படி என்ன செய்தார்?

யார் இந்த இம்பே?

இம்பே பிறந்தது 1732-ல், இங்கிலாந்தில். படித்தது லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில். அதே பள்ளியில் கூடப் படித்தவர் வாரன் ஹேஸ்டிங்ஸ், பின்னாளில் வங்காளத்தின் கவர்னர் ஜெனரல் ஆனவர். இந்தப் பள்ளி நட்புதான் பிற்காலத்தில் இம்பே மீதான எல்லா சந்தேகத்துக்கும் அடிப்படை ஆனது.

கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்து வக்கீல் தொழிலுக்கு வந்தவருக்கு 1774-ல் பெரிய வாய்ப்பு கிடைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் வங்காளத்தைச் சுரண்டி பணக்காரர்களாகத் திரும்பி வருவதைப் பார்த்த பிரிட்டிஷ் நாடாளுமன்றம், 1773-ல் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டு வந்திருந்தது. கம்பெனிக்குக் கடிவாளம் போட ஒரு சுப்ரீம் கோர்ட், அதில் நான்கு நீதிபதிகள் என்பது அதன் முக்கியமான ஏற்பாடு.

தலைமை நீதிபதிக்கு வருஷம் 8,000 பவுண்ட் சம்பளம். அந்தக் காலத்தில் இது மிகப் பெரிய தொகை. கூடவே, நீதிபதிகள் யாரிடமும் பரிசோ அன்பளிப்போ வாங்கக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். கை நிறைய சம்பளம் கொடுத்தால் கை நீளாது என்பது கணக்கு.

இம்பே குடும்பத்தின் பெயர் இன்றும் ஒரு பறவையோடு ஒட்டியிருக்கிறது. அவர் மனைவி மேரி கல்கத்தா வீட்டில் பறவை, விலங்குகளை வளர்த்து, இந்திய ஓவியர்களை வைத்து அவற்றை வரைய வைத்தவர். உத்தராகண்டின் மாநிலப் பறவையான இமாலய மோனலின் அறிவியல் பெயரில் இருப்பது அவர் பெயர்தான்.

நந்தகுமார் வழக்கில் என்ன நடந்துச்சு?

கோர்ட் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1775 மார்ச்சில் வங்காளத்தின் செல்வாக்கான பிரமுகர் மகாராஜா நந்தகுமார், கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் மீதே லஞ்சப் புகார் கொடுத்தார். பதவி நியமனங்களுக்காக 3.5 லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்கினார் என்பது புகார். ஆட்சிக் குழுவில் இருந்த ஹேஸ்டிங்ஸின் எதிரிகள் அதைக் கையில் எடுத்தார்கள்.

இரண்டே மாதத்தில் காட்சி மாறியது. ஒரு பழைய கடன் பத்திரத்தைப் போலியாகத் தயாரித்தார் என்று நந்தகுமார் மீது வழக்குப் பாய்ந்தது. புகார் கொடுத்தவரே கைதி ஆனார். ஜூன் 8-ம் தேதி விசாரணை தொடங்கி 16-ம் தேதி தீர்ப்பு வந்தது. 12 ஜூரிகளில் ஒரு இந்தியர்கூட இல்லை. குற்றவாளி என்றார்கள். தண்டனை, தூக்கு.

பத்திர மோசடிக்குத் தூக்கு என்பது இங்கிலாந்துச் சட்டம். வங்காள மக்கள் கேள்விப்படாத விஷயம். அதுவும் அந்தப் பத்திரம் எழுதப்பட்டது சுப்ரீம் கோர்ட் பிறப்பதற்குப் பல வருஷம் முன்பு. தண்டனையை நிறுத்தி வைத்து விஷயத்தை இங்கிலாந்து மன்னருக்கு அனுப்பும் அதிகாரம் கோர்ட்டுக்கு இருந்தது. அதைப் பயன்படுத்தவில்லை. 1775 ஆகஸ்ட் 5-ம் தேதி நந்தகுமார் கல்கத்தாவில் தூக்கிலிடப்பட்டார்.

விசாரித்தது இம்பே மட்டும் இல்லை, நான்கு நீதிபதிகளும் சேர்ந்துதான். நண்பனுக்காகவே இம்பே தீர்ப்பை வளைத்தார் என்பதற்கு நேரடி ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. ஆனா மக்கள் பார்த்தது ஒன்றைத்தான். ஆட்சியில் இருப்பவர் மீது லஞ்சப் புகார் கொடுத்தவர் செத்துப் போனார். புகாருக்கு உள்ளானவர் பதவியில் தொடர்ந்தார். தீர்ப்பு சொன்ன கோர்ட்டின் தலைவர் அவருடைய பள்ளித் தோழர்.

அரசோடு மோதிய கோர்ட்

இதே இம்பே அடுத்த சில வருஷங்களில் ஹேஸ்டிங்ஸ் அரசோடு நேருக்கு நேர் மோதினார் என்பதையும் சொல்ல வேண்டும். கம்பெனியின் அதிகாரிகள், வரி வசூலிக்கும் ஜமீன்தார்கள் மீதெல்லாம் கோர்ட் வழக்கு எடுத்தது. கோர்ட்டின் அதிகாரம் எதுவரை என்பதில் தகராறு முற்றியது. காசிஜோரா ஜமீன்தார் வழக்கில், கோர்ட் அனுப்பிய ஆட்களை அரசு தன் சிப்பாய்களை விட்டே தடுத்துப் பிடித்தது. அரசும் நீதிமன்றமும் வெளிப்படையாக மல்லுக்கட்டிய நாட்கள் அவை.

1780-ல் இந்தச் சண்டை திடீரென அடங்கியது. அதன் பின்னணியில் நம்ம ஊர் போர் ஒன்றும் இருக்கிறது.

புள்ளலூர் தோல்வியும் புதுப் பதவியும்

இன்று கார், செல்போன் தொழிற்சாலைகள் நிற்கும் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதிக்கு மேற்கே, காஞ்சிபுரம் அருகே இருக்கிறது புள்ளலூர். 1780 செப்டம்பர் 10-ம் தேதி அங்கே ஹைதர் அலி, திப்புவின் படைகள் கர்னல் பெய்லியின் ஆங்கிலேயப் படையைச் சிதறடித்தன. இந்தியாவில் அதுவரை ஆங்கிலேயர் சந்தித்த மிக மோசமான தோல்விகளில் ஒன்று. சென்னையைக் காப்பாற்ற கல்கத்தாவிலிருந்து பணமும் படையும் போக வேண்டிய நிலை. அந்த நேரத்தில் சொந்த ஊரில் கோர்ட்டோடும் சண்டை போட்டுக்கொண்டிருக்க ஹேஸ்டிங்ஸுக்கு வசதி இல்லை.

அடுத்த மாதமே ஒரு நியமனம் வந்தது. கம்பெனிக்குச் சொந்தமான மேல்முறையீட்டு நீதிமன்றம் சதர் திவானி அதாலத். சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி பதவியோடு சேர்த்து அதற்கும் இம்பே தலைவர் ஆனார். இதற்குத் தனிச் சம்பளம், மாதம் 5,000 ரூபாய்.

இதுல என்ன தப்பு?

முதல் பதவி மன்னர் கொடுத்தது. ஹேஸ்டிங்ஸால் அதைத் தொட முடியாது. இரண்டாவது பதவி ஹேஸ்டிங்ஸின் அரசு கொடுத்தது. அரசு நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். யாரைக் கேள்வி கேட்கவேண்டும் என்று இம்பேவைக் கடல் தாண்டி அனுப்பினார்களோ, அவர்களிடமே இப்போது மாதச் சம்பளம்.

இம்பே தரப்புக்கும் பதில் இருந்தது. கோர்ட்டும் அரசும் அடித்துக்கொள்வதை நிறுத்த இதுதான் வழி, அந்தப் பணத்தைத் தனக்காக வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லை என்றார்கள். அந்தப் பதவியில் அவர் வேலையும் செய்தார். சிவில் வழக்கு நடைமுறைகளைத் தொகுத்து 1781-ல் விதிகள் கொண்டு வந்தார். ஆனா அடுத்து அவர் செய்தது சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. தன் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லாத லக்னோவுக்குப் போய், ஹேஸ்டிங்ஸுக்கு உதவும் பிரமாண வாக்குமூலங்களை வாங்கிக்கொண்டு வந்தார்.

73–55: நாடாளுமன்றம் கொடுத்த தீர்ப்பு

1782 மே மாதம் இம்பேவைத் திரும்ப அழைக்க பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. அடுத்த வருஷக் கடைசியில் அவர் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். 1787 டிசம்பரில் கில்பர்ட் எலியட் என்ற எம்.பி. ஆறு குற்றச்சாட்டுகளோடு பதவிநீக்க விசாரணை கோரினார். நந்தகுமார் தூக்கு முதல் குற்றச்சாட்டு. சதர் திவானி சம்பளமும் பட்டியலில் இருந்தது.

இம்பே தானே வந்து நந்தகுமார் வழக்கு பற்றி விளக்கம் கொடுத்தார். 1788 மே 9-ம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. விசாரணை வேண்டும் என்றவர்கள் 55 பேர், வேண்டாம் என்றவர்கள் 73 பேர். முதல் குற்றச்சாட்டு விழுந்ததும் மற்றவை அப்படியே கைவிடப்பட்டன. இரண்டாவது சம்பளம் சரியா தப்பா என்ற கேள்விக்கு ஓட்டெடுப்பே நடக்கவில்லை.

பிறகு இம்பே எம்.பி. ஆனார். 1809-ல் இங்கிலாந்தில் இறந்தார். ஆனா வழக்கு முடியவில்லை. 1841-ல் மெக்காலே எழுதிய கட்டுரை அவரைக் கடுமையாகச் சாடியது. மகன் பதில் புத்தகம் போட்டார். 1885-ல் சட்ட அறிஞர் ஸ்டீபன் அந்த விசாரணை நியாயமாகத்தான் நடந்தது என்று எழுத, மறு வருஷமே பெவரிட்ஜ் அதை மறுத்து எழுதினார். செத்து முக்கால் நூற்றாண்டு ஆன பிறகும் இம்பே குற்றவாளிக் கூண்டில்தான் நின்றார்.

இன்றைய உச்ச நீதிமன்றத்தில் நிலைமை என்ன?

1950-ல் வந்த நம் உச்ச நீதிமன்றம் முற்றிலும் வேறு அமைப்பு. இம்பே மாட்டிக்கொண்ட பள்ளத்தை அரசியல் சாசனம் கவனமாக மூடியிருக்கிறது. நீதிபதிகளின் சம்பளம் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து நேரடியாகப் போகிறது. அதற்கு நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. பதவியில் இருக்கும்போது அவர்களுக்குப் பாதகமாக அதை மாற்ற முடியாது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை கிடைத்தால்தான் ஒரு நீதிபதியை நீக்க முடியும்.

ஆனா புகார் வந்த பிறகு நம்பிக்கையை எப்படி மீட்பது என்பது இன்னும் சிக்கல்தான். தமிழகத்தைச் சேர்ந்த உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ராமசாமி மீதான தீர்மானம் 1993 மே மாதம் மக்களவைக்கு வந்தது. விசாரணைக் குழு 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமானதாகச் சொல்லியிருந்தது. ஆதரவாக 196 ஓட்டு, எதிர்ப்பாக ஒன்றுகூட இல்லை. 205 பேர் ஓட்டே போடவில்லை. தீர்மானம் தோற்றது. 1788-ஐப் போலவே, எண்ணிக்கை முடிவு சொன்னது, சந்தேகத்துக்குப் பதில் சொல்லவில்லை.

இன்னொரு கதவும் திறந்தே இருக்கிறது. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி இந்தியாவில் எந்த நீதிமன்றத்திலும் வாதாடக் கூடாது என்கிறது சாசனம். அரசு தரும் பதவியை ஏற்கக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால்தான் நீதிபதி ஒருவர் ஓய்வுக்குப் பின் அரசுப் பதவிக்குப் போகும்போதெல்லாம் அதே பழைய கேள்வி எழுகிறது.

இதனால் யாருக்கு நஷ்டம்?

2024-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய சங்கத்தைப் பதிவு செய்யும் விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. ஒரு பக்கம் பெரிய நிறுவனம், இன்னொரு பக்கம் அரசு இயந்திரம். நடுவில் நிற்கும் தொழிலாளிக்கு கோர்ட்டை விட்டால் வேறு படி இல்லை.

பணமும் செல்வாக்கும் உள்ளவருக்கு நீதிமன்றம் இல்லாவிட்டாலும் வேறு வழிகள் உண்டு. தீர்ப்பு தனக்கு எதிராக வந்தாலும் அது யாருக்காகவும் எழுதப்பட்டது இல்லை என்று ஒரு சாதாரண மனிதர் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை இருக்கும்வரைதான் அவர் கோர்ட் படி ஏறுவார், கலெக்டர் ஆபீஸ் வாசலிலோ ஆலை கேட்டிலோ மோதலுக்குப் போகமாட்டார். கல்கத்தாவில் 1780-ல் மாதம் 5,000 ரூபாய்க்குப் பறிபோனது அதுதான்.