மருந்தில் தன்னிறைவு கண்ட மாமனிதர்

நோயுற்றார்க்கு மருந்து அயல்நாட்டுக் கப்பலில் வந்து சேரவேண்டிய காலம் ஒன்றிருந்தது. அந்நிலை மாற உழைத்தவருள் முன்னிற்பவர் காஜா அப்துல் ஹமீது ஆவார்.

1898-இல் அலிகாரில் பிறந்த இவர், ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டு, ஜாமியா மில்லியாவில் வேதியியல் கற்பித்தார். பின்னர் பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றார். 1935-இல் பம்பாயில் சிப்லா நிறுவனத்தைத் தொடங்கினார். 1937-இல் அதன் முதல் மருந்துகள் வெளிவந்தன. 1939 ஜூலையில் காந்தியடிகள் அங்கு வருகை தந்து ஊக்கமளித்தார்.

அவ்வாண்டிலேயே உலகப்போர் மூண்டது. இறக்குமதி தடைப்பட, மருந்துத் தட்டுப்பாடு நாட்டை வாட்டியது. அவ்வேளையில் சிப்லா இன்றியமையாத மருந்துகளை உள்நாட்டிலேயே செய்தளித்தது. 1942-இல் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் உருவானதிலும் ஹமீதுக்குப் பெரும்பங்குண்டு. போர் முடிந்தும் முயற்சி ஓயவில்லை. 1960-இல் விக்ரோலியில் இரண்டாம் ஆலை எழுந்து, நுண்வேதிப் பொருள்களை ஆக்கியது.

1972-இல் அவர் மறைந்தார். 2001-இல் அவர்தம் மைந்தர் யூசுப் ஹமீது, எய்ட்சு நோய்க்கான மருந்துகளை நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைந்த விலையில் ஆப்பிரிக்க மக்களுக்கு வழங்க முன்வந்தார். தந்தையிட்ட வித்தின் விளைவு அது.

கற்ற கல்வி எளியோர் துயர் தீர்க்கப் பயன்படவேண்டும் என்பதை இவ்வாழ்விலிருந்து நாம் உணர்கின்றோம். நம் மாணவச் செல்வங்களும் அவ்வழி நடப்பாராக!