நிதியமைச்சர் நாற்காலியை விட்டு எழுந்த பேராசிரியர்



டிப்ளமோ முடித்ததும் மில்லுக்கா, கவர்மெண்டுக்கா என்ற கேள்வியைக் கேட்காத வீடு ராஜபாளையத்திலும் கிடையாது, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கிடையாது. ஒரு பக்கம் போனால் மறுபக்கக் கதவு மூடிவிடும் என்றுதான் பெரியவர்கள் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய் வந்த ஒரு மனிதரைப் பற்றி இந்த மலரில் எழுத ஆசைப்பட்டேன். அவர்தான் டாக்டர் ஜான் மத்தாய்.

1886-ல் கோழிக்கோட்டில் பிறந்தவர். படித்தது சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில். கொஞ்ச காலம் வக்கீல் தொழில் பார்த்துவிட்டு லண்டன் போய்ப் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். நம் நாட்டுக் கிராமங்கள் தங்களைத் தாங்களே எப்படி நிர்வகித்துக்கொண்டன என்பதுதான் அவர் ஆராய்ச்சி. திரும்பி வந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார்.

1925-ல் டாரிஃப் போர்டில் சேர்ந்தார். வெளிநாட்டுச் சரக்குக்கு எவ்வளவு வரி போட்டால் உள்நாட்டுத் தொழில் பிழைக்கும் என்று கணக்குப் பார்க்கும் சபை அது. பின்னர் அதன் தலைவராகவும் இருந்தார். ஜப்பான் துணி மலிவாக வந்து குவிந்த அந்த நாட்களில், பருத்தி ஆலைகளுக்குப் பாதுகாப்பு தேவை என்று போர்டு பரிந்துரைத்தது. 1934-ல் சட்டம் வந்தது. நம்ம ஊர் ராஜபாளையம் மில்ஸை பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கியது 1936-ல். அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மில் தொடங்க யாருக்கும் தைரியம் வந்த காலம் எது என்று இதில் தெரிகிறதல்லவா?

1940-ல் சர்க்கார் உத்தியோகம் முடிந்து டாடா கம்பெனிக்குப் போனார். 1944-ல் டாடா, பிர்லா முதலிய எட்டுப் பேர் சேர்ந்து பம்பாய்த் திட்டம் என்று ஒன்றை வெளியிட்டார்கள். பதினைந்து வருடம், பத்தாயிரம் கோடி ரூபாய், தலைக்கு வருமானம் இரண்டு மடங்கு. அந்த எட்டுப் பேரில் மத்தாயும் ஒருவர். முதலாளிகளே திட்டமிட்ட பொருளாதாரம் வேண்டும் என்று கேட்டதுதான் வேடிக்கை!

சுதந்திரம் வந்ததும் ரயில்வே மந்திரி. 1948-ல் முதல் நிதியமைச்சரான நம் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் விலகியதும், நிதி இலாகா இவரிடம் வந்தது. சுகமான பதவி இல்லை அது. 1949 செப்டம்பரில் பவுனின் மதிப்பு முப்பது சதவீதத்துக்கு மேல் இறங்க, ரூபாயையும் இறக்கினார்கள். பாகிஸ்தான் இறக்கவில்லை. ஒரே ராத்திரியில் அவர்களுடைய நூறு ரூபாய் நமக்கு நூற்று நாற்பத்து நாலு ஆகிவிட்டது. பிரிவினையில் சணல் விளையும் வயலும், நல்ல பஞ்சு விளையும் நிலமும் பெருமளவு அந்தப் பக்கம் போய், ஆலைகள் இந்தப் பக்கம் நின்றன. பஞ்சு விலை ஏறினால் என்ன ஆகும் என்று மில் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1950 பிப்ரவரியில் குடியரசின் முதல் பட்ஜெட்டைப் போட்டவர் இவர்தான். அந்த வருடம் பட்ஜெட் விவரம் அச்சகத்திலிருந்தே கசிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அச்சடிக்கும் வேலையை ராஷ்டிரபதி பவனிலிருந்து மின்டோ ரோட்டுக்கு மாற்றினார்கள்.

அடுத்த மாதம் நேருஜி திட்டக் கமிஷனை அமைத்தார். மத்தாய் எதிர்த்தார். திட்டம் போட்டவரே திட்டக் கமிஷனை எதிர்ப்பதா என்று எனக்கும் முதலில் புரியவில்லை. அவர் கவலை வேறு. கஜானாவுக்குப் பொறுப்பு ஒருவர், செலவைத் தீர்மானிப்பது இன்னொருவர் என்றால் கேபினட்டுக்குள்ளே இன்னொரு கேபினட் முளைக்கும். கணக்குக்கு யார் பதில் சொல்வது என்பதே கேள்வி. பாகிஸ்தானோடு செய்த உடன்பாட்டிலும் அவருக்கு மனஸ்தாபம் இருந்தது. மே மாதத்தோடு ராஜினாமா. ஜூன் முதல் சி.டி. தேஷ்முக் நிதியமைச்சர்.

நேருஜி பக்கமும் நியாயம் இருந்தது. பசியிலிருந்த நாட்டுக்குப் பத்து இலாகாவையும் சேர்த்துப் பார்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது. 1951-ல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியதும் அந்தக் கமிஷனால்தான். ஆனாலும் என் ஓட்டு மத்தாய்க்கே. ஒர்க்‌ஷாப்பில் ஸ்விட்ச் ஒருத்தர் கையில், மெஷின் இன்னொருத்தர் கையில் என்றால் நாம் ஒத்துக்கொள்வோமா? அந்தக் கமிஷன் போய் 2015-ல் நிதி ஆயோக் வந்தபோதும் பணத்தைப் பங்கிடும் அதிகாரம் யாரிடம் என்ற பேச்சு எழுந்தது.

மந்திரி பதவி போனதும் மனிதர் முடங்கவில்லை. மறுபடி டாடா. 1953-ல் வரி விசாரணைக் கமிஷன் தலைவர். 1955 ஜூலை 1-ல் இம்பீரியல் வங்கி அரசுடைமையாகி ஸ்டேட் வங்கி ஆனபோது அதன் முதல் தலைவராக இந்தக் கம்பெனிக்காரரைத்தான் உட்கார வைத்தார்கள்! ஐந்து வருடத்துக்குள் சிறிய ஊர்களில் நானூறு கிளை திறக்க வேண்டும் என்று புதிய வங்கிக்கு அப்போது இலக்கு வைத்தார்கள். பிறகு பம்பாய்ப் பல்கலைக்கழகத்திலும் கேரளப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தர். 1959-ல் பத்மவிபூஷண் கொடுத்தார்கள். அதே வருடம் நவம்பரில் காலமானார்.