நோய்க்குத் தமிழில் பெயர் தேடிய டாக்டர் கிறீன்

கண்ணை அசைக்கும் தசைகளில் வரும் கோளாறை ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எழுத ஓர் எழுத்தும் சில இலக்கங்களும் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச நோய் வகைப்பாட்டின் 10ஆவது பதிப்பில், எச்49 என்பது தசையோ அதை இயக்கும் நரம்போ செயலிழந்ததால் வரும் மாறுகண். எச்50 ஏனைய மாறுகண்கள். ஆறாவது மூளை நரம்பு செயலிழந்து, கண் வெளிப்பக்கம் திரும்பாவிட்டால் எச்49.2. அதே நரம்பு காயத்தால் கெட்டிருந்தால் எஸ்04.4. காயம் யுத்தத்தில் வந்ததென்றால் வை36 என்பதும் சேரும்.

நாட்டில் எத்தனை பேருக்கு என்ன நோய் என்று கணக்கெடுக்க இவை அவசியம். ஆனால் பசறைத் தோட்டங்களில் கிளினிக் கொப்பியை என்னிடம் நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இந்த இலக்கத்தால் பயனில்லை. அப்போதெல்லாம் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீனை நினைத்துக்கொள்வேன்.

அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் 1822இல் பிறந்தவர் கிறீன். நியூயோர்க்கில் மருத்துவம் படித்து, 1847இல் மிஷனரி வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையில் இருந்தார். 1848இல் மானிப்பாயில் வைத்தியசாலையையும் மருத்துவ வகுப்பையும் ஆரம்பித்தார்.

தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். படித்து முடித்தவர்கள் அரச உத்தியோகம், வெளியூர் என்று போய்விட, கிராமத்துச் சனத்துக்கு வைத்தியர் கிடைக்கவில்லை. அதனால் 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அவரிடம் படித்து வெளியேறியவர்கள் 60 பேருக்கு மேல்.

தமிழில் கற்பிக்கப் புத்தகம் வேண்டுமே. மாணவர்களின் துணையோடு அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என ஒவ்வொன்றாக வெளியிட்டார். ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் முதலில் தமிழில் தேடுவார். கிடைக்காவிட்டால் வடமொழி. அதிலும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு மாற்றுவார். இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயர் வந்தது அப்படித்தான்.

அதே காலத்தில் ஐரோப்பாவிலும் நோய்களுக்குப் பெயர் வகுத்துக்கொண்டிருந்தார்கள். 1855இல் பாரிஸில் கூடிய புள்ளிவிபர மாநாட்டில் இங்கிலாந்தின் வில்லியம் பார் நோய்ப் பட்டியல் ஒன்றை முன்வைத்தார். இன்றைய குறியீடுகளின் வேர் அங்கே இருக்கிறது. பார் பெயரிட்டது நாடுகள் தம் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்க. கிறீன் பெயரிட்டது நோயாளியின் மொழியில் வைத்தியம் நடக்க. இரண்டும் வேண்டும்.

கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூல் வேலையை விடவில்லை. 1884இல் காலமானார். மானிப்பாய் ஆஸ்பத்திரி இன்றும் அவர் பெயரில்தான் இயங்குகிறது.

பெயர் தெரியாவிட்டால் என்ன நட்டம் என்று கேட்கலாம். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சிறுபிள்ளையை அப்படியே விட்டால், அந்தக் கண்ணின் பார்வை நிரந்தரமாக மங்கிப்போகலாம். பெரியவருக்குத் திடீரென ஒன்று இரண்டாகத் தெரிந்தால், அது நீரிழிவாலோ பாரிசவாதத்தாலோ வந்திருக்கலாம். ஷெல் துண்டு பட்டவருக்கோ, தன் காயம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று அறியும் உரிமை உண்டு.

தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. குறியீடு இருக்கட்டும். அதன் பக்கத்தில் தமிழில் ஒரு வரி எழுதினால் போதும். மானிப்பாயில் ஒரு அமெரிக்கரால் 150 வருடங்களுக்கு முன் முடிந்தது, இன்று மலையகத்தில் முடியாததல்ல.