பொறி போட்ட குழி

காஞ்சிபுரத்தில் தறிச் சத்தம் கேட்டே வளரும் பிள்ளைகள் உண்டு அல்லவா? இங்கிலாந்திலும் துணித் தொழில் செய்த குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறந்தார். அவர்தான் ஜோசப் பிரீஸ்ட்லி.

1733-ஆம் ஆண்டு மார்ச் 13-ந் தேதி, லீட்ஸ் நகருக்கு அருகே பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். அத்தைதான் வளர்த்தார். அவருக்குப் பேச்சு திக்கும். ஆனாலும் பல மொழிகள் கற்று ஆசிரியரானார்.

லண்டனில் பெஞ்சமின் பிராங்க்ளினைச் சந்தித்த பிறகு, மின்சாரத்தின் வரலாற்றை எழுதினார். 1767-ல் அந்தப் புத்தகம் வெளிவந்தது. பிறர் சொன்னதை மட்டும் எழுதாமல், தானே சோதனைகளும் செய்து பார்த்தார்.

அக்காலத்தில் மின்சாரத்தைக் கண்ணாடி ஜாடிகளில் சேர்த்து வைப்பார்கள். பல ஜாடிகளின் மின்சாரத்தை ஒரே நேரத்தில் உலோகத் தகட்டின் மேல் பாய்ச்சினார் பிரீஸ்ட்லி. பட்டென்று பொறி பறந்தது. அது விழுந்த இடத்தில் உலோகம் உருகி, சின்னஞ்சிறு குழிகள்! சுற்றிலும் வானவில் நிற வளையங்கள்! இதைப் பற்றி 1768-ல் கட்டுரை வெளியிட்டார்.

1774-ல் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்துப் பெரும் புகழ் பெற்றார். ஆனால், அவருடைய சமய, அரசியல் கருத்துகள் பலருக்குப் பிடிக்கவில்லை. 1791 ஜூலையில் பர்மிங்காம் நகரில் கலவரக் கும்பல் அவர் வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் சூறையாடித் தீ வைத்தது. கருவிகளும் கையெழுத்துத் தாள்களும் அழிந்தன. அவர் சோர்ந்துவிடவில்லை. 1794-ல் அமெரிக்கா சென்று, மறுபடியும் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1804 பிப்ரவரி 6-ந் தேதி மறைந்தார்.

அந்தக் குழிகளால் என்ன பயன் என்கிறீர்களா? இரண்டாம் உலகப் போரின்போது, மாஸ்கோவில் லாசரென்கோ தம்பதியர், பொறி பட்டு மின் இணைப்புகள் தேய்வதைத் தடுக்க முயன்றனர். முடியவில்லை. 1943-ல் அந்தத் தேய்மானத்தையே உளியாக்கிவிட்டனர்!

எப்படி? வேண்டிய உருவத்தைச் செம்பில் செய்து, எண்ணெய்க்குள் இருக்கும் எஃகின் அருகே கொண்டுபோவார்கள். இரண்டும் தொடாது. மயிரிழை இடைவெளியில் நொடிக்கு ஆயிரக்கணக்கான பொறிகள் பாயும். ஒவ்வொரு பொறியும் துளி எஃகை உருக்கும். எண்ணெய் அதை அடித்துச் செல்லும். செம்பின் உருவம் எஃகில் பள்ளமாகப் பதியும். உரசலே இல்லாததால், எஃகு எவ்வளவு கடினமாக இருந்தாலும் கவலையில்லை. தொழிற்கூடங்களில் இதற்கு 'ஈ.டி.எம்.' என்று பெயர்.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கார்கள் தயாராகின்றன. கார் பாகங்களை வார்க்கும் அச்சுகளைக் குடைய உலகெங்கும் இந்த முறை உதவுகிறது.

பிரீஸ்ட்லியின் தாள்களைத்தான் தீ தின்றது. அச்சேறிய கட்டுரை தப்பிவிட்டது. நீங்களும் புதிதாக எதையாவது பார்த்தால், உடனே எழுதி வையுங்கள், சுட்டிகளே!